ஆண் குட்டி என்றால் கவலை இல்லையா?

நாய் நன்றியுள்ள பிராணி என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் மக்காச்சோளக் கொல்லையானாலும் சின்ன வெங்காயப் பட்டறையானாலும் காவலுக்கு ஒரு நாய் இருக்கும். ஆனால், குட்டி எடுத்து வரும்போது வீட்டில் எழும் முதல் பேச்சு என்ன? "ஆண் குட்டியாகப் பார்த்து எடுத்து வா. பெட்டை வேண்டாம், குட்டி போட்டுத் தொல்லை தரும்" என்பதுதான்! வேண்டாத பெட்டைக் குட்டிகளோ ஏரிக்கரையிலும் சந்தைத் திடலிலும் விடப்பட்டுக் கத்திக் கொண்டிருக்கின்றன.

பெண் பிள்ளைகளாகிய எங்களுக்கு இந்தப் பேச்சின் தொனி புதிதன்று. குட்டிகளுக்குத் தாய் மட்டுமா உண்டு? பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாள் சுமந்து, ஆண்டுக்கு இருமுறைகூட ஈனக்கூடும். ஆண் நாயோ பல தெருக்களில் குட்டிகளுக்குத் தந்தையாகிவிட்டு வீடு திரும்பி நல்ல பிள்ளையாய்ப் படுத்துக் கொள்கிறது. அதை வளர்ப்பவரும் தமக்குப் பொறுப்பில்லை என்றே எண்ணுகிறார். இது நியாயமாகுமா? 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவை வளர்ப்பவரின் பொறுப்பு என்கின்றன. ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை.

ஆண் நாய்க்குச் செய்வது விதைகளை நீக்கும் சிறு அறுவை. மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் நாய்க்கு அப்போது வலி தெரியாது. அதன்பின் துணை தேடி ஊர் சுற்றுவதும், பிற நாய்களோடு சண்டையிடுவதும் பெரும்பாலும் குறையும். சிமெண்டு லாரிகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் இரவு பகலாய் ஓடும் நம் சாலைகளில் சுற்றித் திரியும் நாயின் ஆயுள் எத்தனை நாள்? விதையில் புற்று வராது. முதுமையில் புராஸ்டேட் சுரப்பி வீங்கும் தொல்லையும் குறையும்.

"காவல் காக்காது, வீரம் போய்விடும்" என்பார் சிலர். குரைப்பதும் வீட்டைக் காப்பதும் இதனால் போவதில்லை. உடல் பருக்கக் கூடும் என்பது மெய்; சோற்றை அளந்து வைத்தால் அதுவும் அடங்கும்.

அப்படியானால் உடனே செய்துவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். உழவு மாட்டுக்கு இளங்கன்றிலேயே காயடித்தால் உடற்கட்டு வராது என்று நம் பாட்டனார் பொறுத்திருந்தார் அல்லவா? நாய்க்கும் அது பொருந்தும். எலும்பு வளர்ந்து முடியச் சுரப்பு நீரின் துணை தேவை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013இல் கோல்டன் ரெட்ரீவர் நாய்களை ஆராய்ந்தபோது, ஒரு வயதுக்குள் அறுவை செய்யப்பட்டவற்றில் மூட்டு நோய் மிகுந்திருக்கக் கண்டனர். 2020இல் 35 இனங்களை ஆராய்ந்தபோது, சிறிய இனங்களில் அத்தகைய தீங்கு பெரிதாகக் காணப்படவில்லை.

எனவே எங்கள் கருத்து இது: சிறிய நாய்க்கும், அவிழ்த்து விட்டு வளர்க்கும் நாட்டு நாய்க்கும் ஆறு மாதத்திற்கு மேல் ஒரு வயதுக்குள் செய்துவிடலாம். ராஜபாளையம் போன்ற பெரிய உடல்வாகு உள்ளதாயின், ஒன்றரை வயதளவு பொறுக்கலாம். ஆனால் அதுவரை வேலிக்குள் வைத்துக் காப்பவர்க்கே இந்தப் பொறுமை உரியது. விதை ஒன்று வயிற்றிலேயே தங்கிவிட்டால் அதைக் கட்டாயம் நீக்க வேண்டும். எதையும் கால்நடை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் நன்று. அறுவை முடிந்த பின்னும் சில வாரம் கட்டி வைத்தல் வேண்டும். உடனே கருத்தடை ஏற்படுவதில்லை. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை மூன்று மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். அறுவை அதற்கு ஈடாகாது.

தெருநாய்ப் பெருக்கம் இதனால் மட்டும் தீரும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓர் ஆண் நாயைத் தடுத்தால் இன்னொன்று வரும். பெட்டை நாய்க்குச் செய்வதே அதற்கு முதன்மையான வழி. சென்னையில் நாய்களைப் பிடித்துக் கொன்றும் தொகை குறையவில்லை. 1959இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்றது. மாநகராட்சி அவ்வழிக்கு வர 1996 ஆயிற்று.

பெற்றோர்களே, அடுத்த முறை ஆண் குட்டியை எடுத்து வரும்போது, "இனிக் கவலை இல்லை" என்று சொல்லாதீர்கள். தோழியரே, அந்தக் குட்டியின் தடுப்பூசி நாளோடு மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பெட்டையின் மேல் மட்டும் சுமத்திய பாரத்தை ஆண் குட்டி வளர்ப்பவரும் ஏற்றுக் கொண்டால், ஏரிக்கரையில் கத்தும் குட்டிகள் சிலவேனும் குறையும்.