ஒரே குழு: யாருடைய குழு?

பல இடங்களில் நடைபெறும் மனித ஆராய்ச்சிக்கு இடத்துக்கொரு அறநெறிக் குழு எதற்கு, ஒன்றே போதாதா என்கின்றனர். அமெரிக்கா தன் நாட்டுக்குள் நடக்கும், அரசு நிதி பெறும் கூட்டாராய்ச்சிகளுக்கு 2020 ஜனவரி முதல் இதையே விதியாக்கியுள்ளது. ஒரே படிவம் பத்து மேசைகளில் உறங்குவதை நாமும் ஆதரிக்கவில்லை.

ஆயினும் மலையகத்தை மறக்கலாமா? பல்லீறு நோய் எவ்வாறு வளர்கிறதென அறிய, 1969இல் ஒஸ்லோவில் கல்விமான்களையும், 1970இல் கண்டிக்குத் தெற்கே பூண்டுலோயாத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரையும் தெரிந்தெடுத்தனர். முன்னவர்க்கு இளமை முதலே பல் வைத்தியம். பின்னவர்க்கு அது எட்டாக்கனி. அந்த இல்லாமையே ஆராய்ச்சியின் மூலதனமாயிற்று! 1985 வரை ஈறுகளை அளந்தனர். 1986இல் வெளிவந்த முடிவு உலகப் புகழ் பெற்றது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம் அது. வாக்குரிமையே அற்றவனின் சம்மதத்துக்கு என்ன பொருள்? சுயேச்சையான குழுவின் பரிசீலனையை ஹெல்சிங்கிப் பிரகடனம் வற்புறுத்தியதே 1975இல்தான்.

தூரத்து மேசைக்கு இரு களங்களும் ஒன்றே. தோட்டத்துரையின் நிழலில் தொழிலாளி “மாட்டேன்” எனச் சொல்ல இயலுமா என்பதை லயத்து வாழ்வை அறிந்தவரே அறிவர்.

எனவே, ஒரே குழு வரட்டும். ஆனால் பேராதனையின் குழுக்களுக்கு மறுக்கும் அதிகாரம் நிலைக்கட்டும். அங்கே தோட்டத் தொழிலாளிக்கும் ஓர் ஆசனம் வேண்டும். அவன் மொழியிலேயே விவாதம் நடைபெற வேண்டும். ஆசிரியர்களே, மாணவர்களே, இதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே!