கணினி பழையதா? நம் கருத்து பழையதா?

"பழைய கணினி இனி உதவாது, பழைய இரும்புக்குப் போடுங்கள்!" 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது முதல், இக்குரல் நம் பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளி வட்டாரத்திலும் ஒலிக்கிறது.

இத்தீர்ப்பை வழங்கியவர் யார்? விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இண்டெல் செயலியாயின் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இவை இல்லாததால் நேற்றுவரை ஓடிய கணினி இன்று குப்பையாகிவிடுமா?

நம் பள்ளிக் கணினிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பால்மரம் சீவிய குடும்பங்களின் வழிவந்தோர் வெள்ளி வெள்ளியாகத் தந்த நன்கொடையும் அவற்றில் உண்டு. அதைத் தூக்கியெறிய நமக்கு என்ன உரிமை?

கட்டற்ற இயங்குதளமான லினக்சு இருக்கிறது. 4 கிகாபைட் நினைவகமுள்ள கணினியில் டெபியனை, எக்ஸ்.எஃப்.சி.இ. எனும் எளிய திரைமுகத்தோடு நிறுவினால் மாணவர்க்குப் போதும். லிப்ரே ஆபிஸ் உண்டு. தமிழ்99 விசைமுறையும் உண்டு.

"லினக்சு போட்டோம், மறுமாதமே படுத்துவிட்டது" என்பார் உளர். அன்பர்களே, சாகக் கிடக்கும் வன்தட்டில் எந்த இயங்குதளம் நிலைக்கும்? முதலில் நினைவகத்தைச் சோதியுங்கள். விசிறியின் தூசியைத் தட்டுங்கள். தேய்ந்த வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துங்கள், வேகம் கூடுவதைக் கண்ணால் காண்பீர்கள். புதுமை மோகத்தில் ஆறு மாதத்திற்கொரு பதிப்புக்குத் தாவாதீர்கள். நிலைத்த பதிப்பையே நிறுவுங்கள். அறை முழுவதற்கும் ஒரே அமைப்பு வையுங்கள். கடவுச்சொல்லும் பராமரிப்பும் ஒருவருக்கு மட்டுமன்றி, இரண்டு ஆசிரியர்களுக்கேனும் தெரிந்திருக்கட்டும். ஒருவர் மாற்றலாகிப் போனால் கணினியறை பூட்டப்படக் கூடாது.

எல்லை இல்லாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவி கிடையாது. விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள் தேவைப்பட்டால் அதற்கு ஓரிரு கணினிகளை ஒதுக்கலாம். அதற்காக அறை முழுவதையும் காலி செய்வது அறிவுடைமையா?

மலேசிய அரசின் மாம்பு நிறுவனம் 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறவூற்று மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. கேரளப் பள்ளிகளோ பல்லாண்டுகளாக லினக்சிலேயே கணினி கற்பிக்கின்றன. மலையாளப் பிள்ளைகளுக்கு முடிந்தது தமிழ்ப் பிள்ளைகளுக்கு முடியாதா?

புதிய கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்காகக் கையேந்துமுன், கையிலிருப்பதை ஓட வைப்போம்!