பழைய வண்டிக்குப் புதிய எலும்பு

நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் ஒரு விந்தையான காட்சியை அன்பர்கள் கண்டிருக்கக் கூடும். கூரையுமின்றிப் பக்கச் சுவருமின்றி, இயந்திரமும் நான்கு மூலைச் சக்கரங்களும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களுமாக ஒரு பேருந்து விரைந்து செல்லும். ஓட்டுநர் ஒருவர் மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் புழுதியிலும் அமர்ந்திருப்பார். அந்த எலும்புக்கூட்டுக்கே சேஸ் என்று பெயர். கரூரிலுள்ள பட்டறைகள் அதன்மேல் பாடி கட்டிப் பேருந்தாக்கி அனுப்புகின்றன. சேஸைச் செய்பவர் ஒருவர், உடலைக் கட்டுபவர் வேறொருவர் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

கடல் கடந்து வாழும் நம்மவர் சிலருக்கு இப்போது வேறோர் ஆசை பிறந்திருக்கிறது. ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முந்திய திறந்த கார் ஒன்றின் உடலை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் அடியில் புதிதாகச் செய்த சேஸையும், இக்காலத்து இயந்திரம், கியர் பெட்டி, பிரேக்குகளையும் அமைக்கும் தொழில் அமெரிக்காவில் செழித்து நடைபெறுகிறது. அதைக் கண்டவர்கள், சித்தூரிலோ திருப்பதியிலோ தகப்பனார் வைத்துச் சென்ற ஹெரால்டை நினைக்கிறார்கள். “அதையும் இப்படிச் செய்தால் என்ன? கூரையைக் கழற்றிவிட்டுத் திருமலைக்கே ஓட்டிச் செல்லலாமே!” என்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் இதில் பொருளும் உயிரும் அடங்கியிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஹெரால்டின் பெருமையைச் சொல்லவேண்டும். 1961 முதல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் செய்து விற்ற வண்டி அது. இங்கிலாந்தில் அது பிறந்தது 1959-இல். உருவம் வகுத்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அக்காலத்தில் மற்றச் சிறு கார்களெல்லாம் தனிச் சேஸைக் கைவிட்டு, உடலையே எலும்பாக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைக்குத் திரும்பியது. காரணம் கலையன்று, வியாபாரம். உடல் செய்து கொடுத்துவந்த பிஷர் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்து தருவார் இல்லை. ஆகவே உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, ஒரு சேஸின்மேல் மறையாணியால் முடுக்கினார்கள். இரண்டு கதவுள்ள ஹெரால்டின் கூரைகூட மறையாணியால் நிற்பதே. 1960-இல் இங்கிலாந்தில் திறந்த கூரை ஹெரால்டு எளிதாக வெளிவந்ததற்கும் இதுவே காரணம்.

கூரை போனால் என்ன போகிறது? மூடியுள்ள தகரப் பெட்டியைத் திருகிப் பாருங்கள், அசையாது. மூடியை எடுத்துவிட்டுத் திருகினால் நெளியும். காரும் அவ்வாறே. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உடல் முறுக்குண்டு, கதவு இடுக்கு மாறி, கண்ணாடிச் சட்டம் நடுங்கும். எனவே திறந்த காரில் அந்த முறுக்கைச் சேஸே தாங்கவேண்டும். 1955 முதல் 1957 வரை வந்த செவர்லே கார்களில், திறந்த வகைக்கு மட்டும் சேஸின் நடுவே பெருக்கல் குறிபோல் குறுக்குச் சட்டம் வைத்தார்கள். லோட்டஸ் கம்பெனியார் 1962-இல் எலான் என்னும் திறந்த காருக்கு முதுகெலும்பு போன்ற ஒரே பெட்டிச் சட்டத்தை அமைத்தார்கள்.

புதிய சேஸ் செய்பவர் அறியவேண்டிய முதற் பாடம் மூங்கிலில் இருக்கிறது. முழு மூங்கிற் குழாயைத் திருகினால் எதிர்த்து நிற்கும். நெடுக ஒரு கீறல் இட்டுவிட்டால் அதே மூங்கில் கையோடு வளைந்துகொடுக்கும். லாரிச் சட்டம் ‘ப’ வடிவில் ஒருபுறம் திறந்திருப்பது, கரடான பாதையில் அது நெளிந்துகொடுக்கட்டும் என்பதற்காக. கதவு மூடவேண்டிய திறந்த காருக்கு அது உதவாது. நாற்புறமும் மூடிய பெட்டிக் குழாயே வேண்டும். பொதுவாக மூன்று மில்லிமீட்டர் கனம் கொள்வார்கள்.

வேலை தொடங்குமுன் பழைய உடலின் கதவுத் துளைகளுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்து இறுக்கிவிடவேண்டும். இல்லையேல் சேஸிலிருந்து தூக்கும்போதே உடல் தொய்ந்துபோகும். பிறகு மட்டமான மேசைமேல் நடுக்கோடு வரைந்து, தூக்குநூல் விட்டு, பழைய சேஸின் ஒவ்வொரு துளையையும் அளந்து குறிக்கவேண்டும். ஹெரால்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் தொண்ணூற்றொன்றரை அங்குலம். குறுக்களவு இரண்டும் ஒத்திருந்தால்தான் சட்டம் சதுரம். பற்றவைப்பின் சூடு இரும்பை இழுக்கும். ஆகையால் இடப்பக்கம் ஒரு பொட்டு, வலப்பக்கம் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, அளந்து பார்த்த பின்னரே முழுத் தையல் இடுவர். இவ்வளவும் செய்து ஸ்டியரிங் தண்டின் உயரம் பிசகினால், மேட்டில் ஏறும்போதெல்லாம் சக்கரம் தானே திரும்பும்.

“சேஸ் எதற்கு? இயந்திரத்தை மட்டும் மாற்றலாமே” என்பாரும் உண்டு. அவர்களுக்காகவே திருமலை இருக்கிறது. 1974-இல் திறந்த பாதையில் ஏறி, 1944-இல் திறந்த பாதையில் இறங்குவது இன்றைய வழக்கம். ஹெரால்டின் இயந்திரம் 948 கன செண்டிமீட்டர். வலிமை நாற்பது குதிரைக்கும் குறைவு. பின் சக்கரங்கள் ஊஞ்சல்போல் தனித்தனியே ஆடும் அச்சில் நிற்பவை. இறக்கத்து வளைவில் வேகமாகப் புகுந்து, திடீரென்று காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ, பின்புறம் மேலெழும்பி வெளிச் சக்கரம் உள்நோக்கி மடியும், வண்டி சுழலும். நாற்பது குதிரைக்கு அமைந்த அச்சில் நூறு குதிரையைப் பூட்டிக் குடும்பத்தோடு மலையிறங்குவது வீரமன்று. பின்னாளில் சென்னையார் கெஸல் என்ற வண்டியில் இந்த அச்சையே எடுத்துவிட்டு முழு அச்சு வைத்தார்கள். ஆக, இயந்திரத்தை மாற்றினால் பிரேக்கை மாற்றவேண்டும். பிரேக்கோடு அச்சும், அச்சோடு சேஸும் மாறியே தீரும்.

சேஸ் மாறினால் வண்டி எது? இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. பதிவுச் சான்றில் உள்ள சேஸ் எண்தான் வண்டியின் பெயர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது. 2019 திருத்தத்தின்படி மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. கூரையை நிரந்தரமாக எடுப்பதும் உடலின் வகையை மாற்றுவதே. விபத்து நேர்ந்தால் காப்பீட்டார் முதலில் கேட்பதும் இதைத்தான்.

மற்றொரு பக்கமும் உண்டு. 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதற் பதிவிலிருந்து ஐம்பதாண்டு கடந்த கார் பழம்பெரும் வாகனமாகப் பதிவாகலாம். கட்டணம் இருபதினாயிரம், காலம் பத்தாண்டு, எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள். கண்காட்சிக்கும் பழங்கார் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம்; நித்திய உபயோகத்துக்கு ஆகாது. ஆனால் சேஸிலோ உடற்கூட்டிலோ இயந்திரத்திலோ பெருமாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி இல்லை. 1961-இல் வாங்கிய ஹெரால்டு சும்மா நின்றே சம்பாதித்த மதிப்பை, பட்டறையில் ஒரே நாளில் அறுத்து எறிந்துவிடலாம்!

சேஸ் கட்டும் கலை நம் பக்கத்துக்குத் தெரியாததன்று. சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு நிறுவனத்தார் தனிச் சேஸ் உள்ள வண்டிகளையே செய்கிறார்கள். ஆனால் தொழிற்சாலை புதிய வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தி அனுமதி பெறுகிறது. ஒற்றை ஹெரால்டுக்காக அத்தனை சோதனையையும் செலவையும் எந்தக் குடும்பம் தாங்கும்?

என் கருத்து இது. பணமும் இடமும் உள்ளவர், எண்ணோ சான்றோ இல்லாத வெறும் கூடு கிடைத்தால், அதன் அடியில் புதுச் சேஸ் கட்டித் தம் தோட்டத்துக்குள் ஓட்டி மகிழட்டும். தகப்பனார் பெயரில் சான்றுள்ள வண்டியை அறுக்கவேண்டாம். ஹெரால்டின் சேஸில் முதலில் துருப்பிடிப்பது உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகளே. அவற்றை மட்டும் அதே அளவில் செய்து பொருத்தினால், நடுச் சட்டமும் எண்ணும் அப்படியே நிற்கும்.

அடுத்த விடுமுறையில் ஊர் செல்பவர்கள் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். சேஸ் எண் உள்ள இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். புத்தகத்து எண்ணும் தாளில் எழுந்த எண்ணும் ஒன்றாயிருந்த பின், பட்டறைக்காரரிடம் பேச்சைத் தொடங்கலாம்.