காத்திருந்தோருக்கு விலை ஏறும் காலம்



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் வேளையில், புலம்பெயர்ந்து வாழும் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே வாக்குவாதம் நடக்கிறது: பிள்ளைக்கு எந்த விளையாட்டுக் கன்சோலை வாங்குவது? பிளேஸ்டேஷனா, எக்ஸ்பொக்ஸா, நின்டெண்டோவா என்பதைப் பிள்ளைகள் முன்னரே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். பெற்றோருக்கு எஞ்சியிருப்பது விலையைக் கேட்பது மட்டுமே. இதில் ஒரு பங்குத்தந்தைக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். உணவகச் சமையற்கட்டிலும் அதிகாலைத் துப்புரவுப் பணியிலும் ஈட்டப்படும் 500 யூரோ எத்தகைய 500 யூரோ என்பதை இந்த ஜேர்மனி மண்ணில் அன்றாடம் கண்டுவருபவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இத்துறையில் முன்பு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கருவி பழையதாக ஆக, விலை இறங்கும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 299 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2002இல் 199, 2004இல் 149, 2009இல் 99 டொலர் எனப் படிப்படியாக இறங்கியது. உலகெங்கும் 150 மில்லியனுக்கும் அதிகமாக அது விற்றதற்கு இதுவும் ஒரு காரணம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது முதல் நாளே கிடைத்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் பொறுத்து அதே கருவி பாதி விலையில் கிடைத்தது. எளியவர் கையில் இருந்த ஒரே பேரம் அந்தப் பொறுமைதான்.

இப்போது அது தலைகீழாகிவிட்டது. இறுவட்டு இயக்கி இல்லாத பிளேஸ்டேஷன் 5, 2020 நவம்பரில் இங்கு 399.99 யூரோவுக்கு விற்பனைக்கு வந்தது. 2022 ஓகஸ்டில் 449.99 ஆயிற்று, 2025 ஏப்ரலில் 499.99. அமெரிக்காவில் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸின் விலை 2025ஆம் ஆண்டில் மட்டும் இரு முறை உயர்ந்து, 499 டொலரிலிருந்து 649 டொலரை எட்டியது. 2017இல் வெளிவந்த முதல் நின்டெண்டோ ஸ்விட்ச், அதன் அடுத்த தலைமுறை கடைக்கு வந்த பின்னரும், அங்கு 299இலிருந்து 339 ஆக ஏறியது. எட்டாண்டு பழையதொரு கருவிக்கு, பின்தோன்றல் பக்கத்தில் நிற்கும்போதே விலை ஏறுகிறது! பொறுத்திருந்தவருக்கு இப்போது கிடைப்பது தண்டம்.

நிறுவனங்கள் காரணம் கூறுகின்றன: பணவீக்கம், நாணய மாற்று விகிதம், அமெரிக்கா விதிக்கும் சுங்கவரி. சில்லுகள் ஆண்டுதோறும் சிறுத்து மலிவாகிவந்த காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்பதும் உண்மையே. இவற்றைப் பொய் என்று தள்ளுவது நேர்மையாகாது. ஆயினும், செலவு கூடிய வணிகர் எல்லோரும் விலையைக் கூட்டிவிடுவதில்லை; வாங்குவோர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் அவரைச் சற்றுத் தடுத்து நிறுத்தும். இன்று குறைந்துபோயிருப்பது அந்த அச்சம்.

அந்த அச்சம் எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு இத்துறையின் வரலாறே சாட்சி. 2006இல் சோனி தன் பிளேஸ்டேஷன் 3இன் உயர்வகைக்கு 599 டொலர் கேட்டது. எதிரே எக்ஸ்பொக்ஸ் 360 இருந்தது. 249 டொலருக்கு நின்டெண்டோ வீ இருந்தது. பிளேஸ்டேஷன் 2ஐ நேசித்த பலர் அந்த நேசத்தை ஓரமாக வைத்துவிட்டு அவற்றை வாங்கினார்கள். 2009இல் அதே பிளேஸ்டேஷன் 3, மெலிந்த உருவில், 299 டொலருக்கு வந்தது. 2011இல் நின்டெண்டோ 3டிஎஸ் 249 டொலருக்கு வந்து விற்காமல் தேங்கியபோது, சில மாதங்களிலேயே அது 169 ஆக இறங்கியது. நிறுவனத் தலைவர் சதோரு இவாட்டா தம் ஊதியத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். 2013இல் மைக்ரோசொப்ட், எக்ஸ்பொக்ஸ் ஒன் கருவி 24 மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் இணையத்தோடு இணைய வேண்டும் என்றும், இறுவட்டுகளை இரவல் கொடுப்பதற்கும் மறுவிற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு என்றும் அறிவித்தது. எழுந்த எதிர்ப்பில் சில வாரங்களுக்குள் அதனைக் கைவிட்டது. 499 டொலராக இருந்த விலையும் மறு ஆண்டே 399 ஆயிற்று.

இவற்றுள் எதுவும் விசுவாசமான வாடிக்கையாளருக்கு வழங்கப்பட்ட பரிசு அன்று என்பதைக் கவனியுங்கள். வாங்க மறுத்தவர்களும் விட்டு விலகியவர்களும் பெற்றுத் தந்த சலுகைகள் அவை. விசுவாசிகளும் அவற்றை அனுபவித்தார்கள், அவ்வளவே.

விசுவாசி என்ற சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது. வணிக உலகம் அதை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. திருப்பித் தரும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. நம் பங்கின் இளைஞர் கூட்டத்திலும் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று இரண்டு உண்டு. ஒரு நிறுவனம் விலையை உயர்த்தினால், அதற்காக வாதாடுபவர்கள் அந்த விலையைக் கொடுக்கப்போகும் பிள்ளைகளே! ஊதியம் வாங்காத வழக்கறிஞர்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ள பங்குதாரர்கள் இதை அறிந்தால் உள்ளம் நெகிழ்வார்கள்.

ஆனால் பற்று என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி பூட்டு. 2021இல் அமெரிக்க நீதிமன்றமொன்றில், எக்ஸ்பொக்ஸ் கருவியின் விற்பனையில் தாங்கள் ஒருபோதும் இலாபம் பார்த்ததில்லை என்று மைக்ரோசொப்ட் அதிகாரி ஒருவர் சாட்சியம் அளித்தார். கருவி வாசற்படி மட்டுமே. உள்ளே நுழைந்தபின் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஏறத்தாழ 30 விழுக்காடு, நண்பரோடு இணையத்தில் விளையாட மாதச் சந்தா என்று வருமானம் அங்கிருந்தே வருகிறது. இறுவட்டு இயக்கி இல்லாத கருவிக்கு ஒரே ஒரு கடைதான் உண்டு. முழு விளையாட்டுகளுக்கான டிஜிட்டல் குறியீடுகளைப் பிற கடைகள் விற்பதையும் சோனி 2019 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. அங்கு வாங்கிய விளையாட்டை விற்க முடியாது. வேறு நிறுவனத்தின் கருவிக்குக் கொண்டு செல்ல முடியாது. மருமகனுக்குக் கொடுத்துவிட முடியாது. ஐந்தாண்டுகளில் இருபது விளையாட்டுகளை வாங்கிய பிள்ளை, அடுத்த கருவியையும் அதே நிறுவனத்திடம் வாங்குவதற்கு அன்பு தேவையில்லை.

குருமடத்தில் நாங்கள் படித்த புனித தாமஸ் அக்குவினாஸ், 13ஆம் நூற்றாண்டிலேயே இதற்கொரு கோட்டைக் கீறி வைத்திருக்கிறார். ஒரு பொருளைக் கொடுப்பதால் விற்பவருக்கு இழப்பு நேருமானால், அந்த இழப்பை விலையில் சேர்க்கலாம். ஆனால் வாங்குபவருக்கு அப்பொருள் மிகவும் தேவைப்படுகிறது என்பதற்காக மட்டும் விலையைக் கூட்டலாகாது. ஏனெனில் அந்தத் தேவை விற்பவருடைய உடைமை அன்று. சில்லின் விலை கூடியதென்றால் கேட்கட்டும், கொடுப்போம். என் மாணவனின் நண்பர்கள் எல்லோரும் ஒரே கருவியில் இருக்கிறார்கள் என்பதால் அவன் விலக முடியாது எனக் கணித்துக் கேட்கப்படும் யூரோக்கள் வேறு வகையானவை. அந்த நட்பை உண்டாக்கியது அவன்தான், நிறுவனம் அன்று.

ஆகவே இவ்வாண்டு வாங்க முடிவு செய்தவர்கள், பெட்டியின் விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். சந்தாவையும், புதிய விளையாட்டுகள் பலவற்றுக்கு 80 யூரோ வரை செல்வதையும் சேர்த்து ஐந்தாண்டுக் கணக்கைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பிளேஸ்டேஷன் 5 என்றால், இறுவட்டு இயக்கி உள்ளதையே வாங்குங்கள். 50 யூரோ கூடுதல்தான். பழைய இறுவட்டுகள் இரண்டு மூன்று வாங்கினாலே அது மீண்டுவிடும். ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருட் சந்தையில் அவை குவிந்து கிடக்கின்றன (திருப்பலி நேரத்தில் அங்கே நிற்போரையும் நான் அறிவேன்). முந்தைய தலைமுறைக் கருவியை வாங்கும் வீட்டாரை எவரும் ஏளனம் செய்ய வேண்டாம். ஒரு பிள்ளை விளையாடித் தீர்க்க முடியாத அளவுக்கு நல்ல விளையாட்டுகள் அதற்கு உண்டு.

திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு திருப்பலிக்குப் பின், பங்கு மண்டபத்தில் ஒரு நீண்ட மேசையைப் போடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் விளையாடி முடித்த இறுவட்டுகளைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். நீலக் கட்சிக்கும் பச்சைக் கட்சிக்கும் ஒரே மேசைதான்.