குடத்தை இறக்கி வையுங்கள்!

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில், மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. சுற்றிலும் சிற்றூர்கள். அங்குள்ள பெண்கள் பலர், பெரிய நோய் என்றால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறார்கள்.

மார்பில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண் ஊர் திரும்பியதும், "எல்லாம் முடிந்துவிட்டது" என்று வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். முடிந்தது பாதிதான். மறுபாதி வைத்தியம் வீட்டில் நடக்க வேண்டும். அதைச் செய்யவேண்டியவர்கள் டாக்டர்கள் அல்ல, வீட்டில் உள்ளவர்கள்!

உயிரும் உருவமும்

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புப் புற்றுநோய்க்குத்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியபோது, அங்கு இருந்தவை 12 படுக்கைகள். உயிர் பிழைத்தால் போதும் என்று மக்கள் நினைத்த காலம் அது.

இன்று உயிரைக் காப்பதோடு, எடுத்த மார்பைத் திரும்ப அமைக்கவும் வழி இருக்கிறது. முதுகுத் தசையையும் தோலையும் கொண்டு மார்புப் புண்ணை மூடும் முறையை, இத்தாலி நாட்டு டாக்டர் டான்சினி 1906-லேயே வெளியிட்டார். சிலிக்கான் பையை மார்பில் வைக்கும் முறை 1962-ல் அமெரிக்காவில் தொடங்கியது. வயிற்றுச் சதையைக் கொண்டும் மார்பு அமைக்கிறார்கள்.

இதை எல்லோரும் செய்தே தீரவேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்பதும் அந்தப் பெண்ணின் உரிமை. வேண்டும் என்றால், "இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்பது சரியல்ல.

எத்தனை நாள்?

சிலிக்கான் பை வைத்தவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்பக்கூடும். சொந்தச் சதையை வைத்துத் தைத்தவர்கள் ஒரு வாரம் வரை ஆஸ்பத்திரியில் இருக்க நேரும். உடம்பு தேற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். வீக்கம் வடிந்து உருவம் சரியாவதற்குப் பல மாதம் பிடிக்கும்.

காயத்திலிருந்து நீர் வடிய, சிறு குழாயும் குமிழும் வைத்து அனுப்புவார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். குமிழைக் காலி செய்வதற்கு முன், எவ்வளவு நீர் வந்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள். கையைச் சுத்தமாகக் கழுவிய பிறகே குழாயைத் தொடுங்கள்.

வயிற்றுச் சதையை எடுத்திருந்தால் புண் இரண்டு இடத்தில் இருக்கும். சில நாள் கூனிக்கொண்டுதான் நடக்க முடியும். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளலாம்.

குடம் தூக்கலாமா?

கூடாது! பெரிய குடத்தில் சுமார் 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 15 கிலோ. ஆபரேஷன் ஆன முதல் ஆறு வாரத்தில் நாலைந்து கிலோவே அதிகம். விறகுக் கட்டு, அரிசி மூட்டை, இடுப்புக் குழந்தை எதையும் தூக்கக் கூடாது. நடவும் களையெடுப்பும் டாக்டர் அனுமதித்த பிறகுதான்.

அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த கைப் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். மெல்ல நடப்பதும் நல்லது.

பத்தியம் வேண்டாம்

"முட்டை சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. முட்டை, மீன், பருப்பு, பால் இவைதான் புண்ணை ஆற்றும். புகையிலை போடும் வழக்கம் இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தம் போகாவிட்டால், வைத்த சதை அழுகிப்போகும்.

புதிய மார்பில் உணர்ச்சி குறைவாக இருக்கும். சூடு தெரியாது. ஆகையால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். தோல் வெந்துபோகும்!

உடனே ஓட வேண்டியது எப்போது?

காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம், திடீர் வீக்கம், ரத்தக் கசிவு, வைத்த சதை நீலம் அல்லது கறுப்பாக மாறுதல், கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். உருவம் திரும்பிவிட்டது என்று மறு பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடவும் கூடாது.

கிராமத்துப் பெண் தன் வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அதுவும் மார்பு வலியை மாமனார் இருக்கும் வீட்டில் எப்படிச் சொல்வாள்? கணவன் கேட்க வேண்டும். மாமியார் கேட்க வேண்டும். அவள் அழுதால் அதட்டாமல் அருகில் உட்கார வேண்டும்.

நாற்பது வருஷம் குடும்பத்துக்குத் தண்ணீர் சுமந்தவள் அவள். ஆறு வாரம் அந்தக் குடத்தை மகன் தூக்கட்டும், கணவன் தூக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.