கேன்சர் சிகிச்சை நேரத்தில் தாம்பத்யம்: எது வீண் பயம், எது அவசிய பாதுகாப்பு?

காமயகவுண்டன்பட்டி போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் இருந்து சிகிச்சைக்காக மதுரைக்கு பஸ் ஏறும் தம்பதிகள், டாக்டரிடம் சாப்பாடு, மாத்திரை, செலவு என எல்லாம் கேட்பார்கள். ஒன்றை மட்டும் கேட்கத் தயங்குவார்கள்: "நாங்க சேர்ந்து இருக்கலாமா?" பதில் தெரியாததால் வீட்டில் தனி பாய், தனி தட்டு என்று ஆகிவிடுவதும் உண்டு. இது தேவையா?

தொட்டா ஒட்டிக்குமா?

ஒட்டாது. முத்தம், உடலுறவு, ஒரே தட்டில் சாப்பிடுவது எதனாலும் கேன்சர் பரவாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் உறவில் பரவும் என்பது உண்மை. ஆனால் அது மிகச் சாதாரணமான வைரஸ். பலருக்கு வந்து தானாகவே போய்விடும். மனைவிக்கு இந்த நோய் வந்தால், அதை வைத்து யாருடைய நடத்தையையும் சந்தேகப்படக் கூடாது.

கீமோ நாட்களில் என்ன கவனம்?

* மருந்து ஏற்றிய பின் சுமார் 48 முதல் 72 மணி நேரம் சிறுநீர், விந்து, பெண்ணுறுப்புத் திரவத்தில் மருந்தின் எச்சம் இருக்கலாம். அப்போது உறவு என்றால் ஆணுறை அவசியம். வாய்வழி உறவுக்கும் இது பொருந்தும்.
* வெள்ளை அணு, பிளேட்லெட் குறைந்திருந்தால், ரத்தக்கசிவு இருந்தால், ஆபரேஷன் காயம் ஆறாமல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
* வறட்சி, வலி இருந்தால் நீர் சார்ந்த ஜெல் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஆணுறை கிழிந்துவிடும்.

ரேடியேஷன் எடுத்தவரைக் கட்டிப்பிடிக்கலாமா?

தாராளமாக. மெஷின் மூலம் வெளியில் இருந்து தரும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. ஆனால் தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்கள் டாக்டர் சொல்லும் நாட்கள் வரை விலகி இருக்க வேண்டும்.

கர்ப்பம் விஷயத்தில்?

சிகிச்சை பெறுவது கணவரோ மனைவியோ, அந்தக் காலத்திலும் அதன்பின் டாக்டர் சொல்லும் மாதங்கள் வரையிலும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நின்றிருந்தாலும் கர்ப்பம் தரிக்க வாய்ப்புண்டு. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் ஹார்மோன் கருத்தடை மாத்திரையை மெடிக்கலில் தாங்களாகவே வாங்கிப் போடக் கூடாது. பிறகு குழந்தை வேண்டும் என்றால், முதல் கீமோவுக்கு முன்பே கருமுட்டை, விந்து சேமிப்பு பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மனசே இல்லைன்னா?

அதுவும் இயல்புதான். சோர்வு, முடி உதிர்வு, வலி எல்லாம் ஆசையைக் குறைக்கும். கட்டாயப்படுத்தக் கூடாது. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பதும் நெருக்கம்தான். டாக்டரிடம் கேட்கக் கூச்சமா? நர்ஸிடம் கேளுங்க, இல்லைன்னா ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்க. ஒவ்வொரு மருந்துக்கும் விதி மாறும் என்பதால், உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அவங்கதான் சரியாகச் சொல்ல முடியும்.