திரும்பி வருபவன் தோற்றவனா?

2025 ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 1953 செப்டம்பர் 21 அன்று, புவனோஸ் அயர்ஸ் நகரின் ஃபுளோரஸ் பகுதிக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இறையழைத்தலை உணர்ந்தார். அப்போது வயது 16. குருப்பட்டம் பெற்றதோ 1969 டிசம்பரில். இடையே, குருமட மாணவராக இருந்த நாளில், உறவினர் திருமணமொன்றில் கண்ட பெண்ணின் நினைவு தம்மை அலைக்கழித்ததையும், முடிவை மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்ததையும் அவரே பின்னாளில் மறைக்காமல் சொன்னார்.

நம் ஊர்களில் இந்த அவகாசம் கிடைப்பதில்லை. குருமடத்தில் சேர்ந்ததுமே இளைஞனைப் ‘பிரதர்’ என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறோம். ஈராண்டு கழித்துப் பெட்டியோடு திரும்பினால், அவன் வாய் திறக்கும் முன்பே கதை கட்டப்பட்டுவிடும். நானும் அப்படித் திரும்பியவன்தான். திருப்பலி முடியுமுன் கோயிலின் பின்வாசல் வழியே நழுவிய ஞாயிறுகள் பல.

வத்திக்கான் 2016-இல் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி நெறிமுறை, மெய்யியல் படிப்புக்கு முன் ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆயத்தக் காலம் தேவை என்கிறது. அழைப்பு மெய்தானா என்று தேர்ந்து தெளிவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ‘இல்லை’ என்பதும் அங்கே முறையான விடைதான். ஆனால், வீட்டுக்குத் திரும்ப அஞ்சும் மாணவன் தன் ஐயத்தை ஆன்ம குருவிடம்கூடச் சொல்ல மாட்டான். வெளியேறுபவரின் மேற்படிப்புக்கும் வேலைக்கும் மறைமாவட்டம் துணைநிற்கும் என்பதைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் அறிவித்தால், அந்த அச்சம் பாதியாவது குறையும்.